கற்குவியல் மேல் வெயில் விழும் வேளை

மகனே,

உன் திருமண அழைப்பிதழில் ‘தலைமை’ என்ற சொல்லுக்குக் கீழே என் பெயரை அச்சிடலாமா என்று நீ கேட்டாய். நான் “பார்ப்போம்” என்றேன். மறுகிழமையும் கேட்டாய். அப்போதும் “பார்ப்போம்” என்றேன். அச்சகத்தார் காத்திருக்கிறார் என்று நேற்று நீ சொன்னபோது உன் குரலில் சினம் இல்லை. இருந்திருந்தால் எனக்கு எளிதாக இருந்திருக்கும். விடையை எழுத்தில் தந்துவிடுகிறேன். நண்பர்கள் நடத்தும் இதழில் இது வெளிவரட்டும் என்றும் சொல்லியிருக்கிறேன். ஏனெனில் இதே கேள்வியை வேறு வடிவில் கேட்பவர்கள் பலர்: ஏன் மேடைக்கு வருவதில்லை, ஏன் அழைத்தால் எடுப்பதில்லை என்று. அவர்களுக்கும் இதுவே விடை. நீண்டுபோனால் பொறுத்துக்கொள். நான் ஓணானைப் பற்றித்தான் மிகுதியாக எழுதப் போகிறேன்.

பிறர் வீட்டுத் திருமணங்களை எத்தனையோ ஊர்களில் நடத்திவைத்தவன் நான். அலங்காநல்லூர்ப் பக்கத்து ஊர்களில் வயல் வரப்பை ஒட்டிப் போட்ட பந்தல்களில், திருமங்கலத்து மண்டபங்களில், ஓமப்புகையும் ஓதுவாரும் இல்லாமல், மாலை மாற்றச் சொல்லி, உறுதிமொழியை நான் சொல்லச் சொல்ல மணமக்கள் திருப்பிச் சொல்லக் கேட்டு, அதன்பின் ஒரு மணி நேரம் முழங்கிவிட்டுத்தான் இறங்குவேன். பந்திக்கு இலை போட்டுவிட்டுப் பசியோடு கூட்டம் காத்திருக்கும். அப்படிப்பட்டவன், புரட்டாசியில் உன் அம்மா மறைந்து, நம் வழக்கப்படி அவள் படத்திறப்பை அந்தச் சிறு கூடத்தில் வைத்தபோது, எல்லோரும் பேசி முடித்தபின் ஒலிவாங்கியின் முன் நின்றேன். வணக்கம் சொன்னேன். அடுத்த சொல் வரவில்லை. தொண்டை அடைத்துக்கொண்டது என்று மற்றவர்கள் நினைத்தார்கள். நீயும் நினைத்திருப்பாய். அப்படி இல்லை மகனே. அடைக்க அங்கே ஒன்றும் இருக்கவில்லை. படத்தைப் பார்த்தேன், படம் நன்றாகச் சட்டமிடப்பட்டிருக்கிறது என்று மட்டும் தோன்றியது. “நன்றி” என்று சொல்லி இறங்கிவிட்டேன். அன்று முதல் இன்று வரை அழவும் இல்லை, பேசவும் இல்லை. சோறு உப்பாக இருந்ததா இல்லையா என்று கேட்டால் கூட எனக்குச் சொல்லத் தெரியாது.

அந்த நிலையில்தான் மார்கழித் தொடக்கத்தில் ஒருநாள் காலையில் அழைத்தாய். எப்படி இருக்கிறீர்கள் என்று நீ கேட்கவில்லை. அதற்காக உனக்கு நன்றி.

“அப்பா, கொல்லைல கல்லுக் குமி இருக்குல்ல, அதுல ஓணான் வருதான்னு பாத்துச் சொல்லுங்க.”

“எதுக்கு?”

“எனக்கு வேணும்ப்பா. அங்க இப்ப எப்ப வெயில் விழுகுது, அது எப்ப வெளிய வருதுன்னு தெரியணும். இங்க பெங்களூருல உக்காந்துக்கிட்டு நான் எப்படிப் பாக்குறது?”

ஊர்வன பற்றி ஆராய்வது உன் வேலை. ஆகவே உனக்கு அது தேவைதான் என்று நம்பினேன். தேவை இல்லை என்பதும், என்னைக் கட்டிலை விட்டு எழுப்பி வெளியே நிறுத்துவதற்காகவே கேட்டாய் என்பதும் பிற்பாடு விளங்கியது. விளங்கியபின்னும் நான் நிறுத்தவில்லை.

முதல் நாள் நடந்ததை உன்னிடம் முழுதாகச் சொல்லவில்லை. வெளியே போவதென்றால் எனக்கு ஒரே உடைதான் தெரியும்: வெளுத்த வேட்டி, வெளுத்த சட்டை, தோளில் துண்டு. அந்தக் கோலத்தில், தெருவிலிருந்தே தெரிகிற நம் பக்கவாட்டுக் கொல்லைக்குப் போய்க் கற்குவியலுக்கு நேர்முன்னே, கூட்டத்தைப் பார்த்து நிற்பதுபோல் நின்றேன். ஒரு கல்லின் விளிம்பில் அது இருந்தது. நன்றாகப் பார்க்க இன்னும் ஓரடி வைத்தேன். என் தலையின் நிழல் அதன் முதுகில் விழுந்தது. அடுத்த நொடி கல் மட்டும் இருந்தது. தெருவுக்கு அப்பாலிருந்து சிரிப்பொலி கேட்டது. எதிர்வீட்டு ஜெயராணி, உன் அம்மாவோடு ஒரே பேருந்தில் திருமங்கலத்துப் பள்ளிகளுக்குப் போய் வந்த ஆசிரியை.

“என்னண்ணே, வெள்ளையுஞ் சொள்ளையுமா மேடை ஏறுனாப்புல நிக்கிறீக? ஓணானுக்கு ஓட்டு இல்லண்ணே.”

வேறொரு நாளாயிருந்தால் அவருக்குப் பதிலடி கொடுத்திருப்பேன். அன்று உள்ளே வந்துவிட்டேன். மாலையில் உன்னிடம் “வந்தது, போய்விட்டது” என்றேன். நீ சிரிப்பை அடக்க முடியாமல் கேட்டாய்: “துண்டு போட்டுக்கிட்டா போனீங்க?” அதன்பிறகுதான் நீ முறையாகச் சொல்லித் தந்தாய். வெயில் வருவதற்கு முன்பே போய் உட்கார்ந்துவிட வேண்டும். நாம் அதனிடம் போகக்கூடாது, அது நம்மிடம் வரவேண்டும். மங்கிய நிறத்தில் உடுத்த வேண்டும். வெயிலுக்கும் அதற்கும் குறுக்கே நிற்கவே கூடாது. பக்கவாட்டில் இருக்க வேண்டும். கையை உயர்த்தக் கூடாது. அருகே போயே தீரவேண்டும் என்றால் நேராகப் போகாமல், வேறெங்கோ போகிறவனைப்போலச் சாய்வாகப் போக வேண்டும். அது தலையைத் தூக்கினால் அங்கேயே நின்றுவிட வேண்டும். கல்லைப் புரட்டக் கூடாது. தவறிப் புரட்டினால் எந்த முகம் மேலே இருந்ததோ அந்த முகம் மேலே வருமாறு வைத்துவிட வேண்டும். கேட்டுக்கொண்டேன். கையை உயர்த்தாமலும் கூட்டத்தை நோக்கி நேராகப் போகாமலும் இருப்பதற்கு எனக்கு எந்தப் பயிற்சியும் கிடையாது என்பது உனக்குத் தெரியும்.

பழைய பழுப்புச் சட்டை ஒன்றைத் தேடி எடுத்தேன். மோட்டார் அறைச் சுவரோரம் முக்காலியைப் போட்டேன். மார்கழி விடியலில் முதலில் நாகமலையின் முதுகு வெளுக்கும். பிறகு வெயில் மலைச்சரிவில் மெல்ல இறங்கும். பல்கலைக்கழகத்துப் பக்கம் போகும் பேருந்துகளின் ஒலி தொடங்கிவிடும். நம் கொல்லைக்கு மட்டும் வெயில் வராது. கிழக்கே புதிதாக எழுந்திருக்கிற மாடிவீடு அதை மறித்துக்கொள்ளும். அந்த வீட்டின் நீர்த்தொட்டிக்கு மேலே கதிர் ஏறியபின்தான் கற்குவியலின் உச்சிக் கல்லில் ஒரு கையகல வெளிச்சம் விழும். அந்தக் கையகல வெளிச்சத்துக்காக இரண்டு பேர் காத்திருந்தோம். அது இடுக்கிலிருந்து தலையை மட்டும் நீட்டியிருக்கும். நான் முக்காலியில் இருப்பேன்.

வெயில் விழுந்ததும் அது பாய்ந்து வராது. குளிர்ந்த உடல் பாயாது. முன்கால் ஒன்று, பிறகு மற்றொன்று, முதியவன் படியேறுவதுபோல வரும். வந்து, முகத்தை அல்ல, விலாவை வெயிலுக்குத் திருப்பும். உடலைத் தட்டையாக்கி அகலப் பரப்பும். அப்போது அதன் நிறம் கருமைக்குப் பக்கத்தில் இருக்கும். கரிய தோல் வெப்பத்தை விரைந்து வாங்கும் என்று நீ சொன்னாய். வயிற்றைக் கல்லோடு ஒட்டிக்கொள்ளும். கல்லின் சூடு கீழிருந்தும், வெயிலின் சூடு மேலிருந்தும். கண் ஒன்றை மூடும். நெடுநேரம் அவ்வளவுதான். பார்ப்பவனுக்கு எதுவும் நடக்காததுபோல் இருக்கும். ஆனால் நடந்துகொண்டிருக்கிறது. சற்றுக் கழித்துக் கருமை வெளுக்கத் தொடங்கும். சாம்பலாகும், பிறகு வைக்கோல் நிறமாகும். உடல் குறுகும். விலாவைத் திருப்பிக்கொண்டு முகத்தை வெயிலுக்கு நேரே வைக்கும், படும் இடம் குறையட்டும் என்று. கால்களை ஊன்றி வயிற்றைக் கல்லிலிருந்து தூக்கும். இன்னும் சூடேறினால் வாயைத் திறந்து வைத்துக்கொள்ளும். அதன்பின் நிழலுக்குப் போகும், அல்லது ஓர் எறும்பின்மேல் பாயும். அந்தப் பாய்ச்சலைப் பார்த்தால், காலையில் படியேற முடியாமல் வந்தது இதுதானா என்று நம்ப முடியாது.

“நம்ம தின்னுற சோறே நமக்குச் சூடு குடுத்துரும்ப்பா. அதுக்கு உள்ள அம்புட்டு அடுப்பு கெடையாது. வெளிய இருந்துதான் வாங்கிக்கிடணும்” என்றாய். சூடு ஏறாமல் அதற்கு ஓட முடியாது, இரை பிடிக்க முடியாது, பிடித்ததைச் செரிக்கவும் முடியாது. வயிற்றில் கிடந்து கெட்டுப்போகும் என்றாய். வெயிலில் கிடப்பது சோம்பல் இல்லை, அதுதான் அதன் அன்றைய முதல் வேலை என்றாய். மேடையில் நின்றிருந்தால் இவ்வளவையும் ஓர் உவமையாக்கி, எங்கே கொண்டுபோய் முடிக்க வேண்டுமோ அங்கே முடித்திருப்பேன். செய்யவில்லை. அது ஓணான். குளிர்ந்திருந்தது. வெயிலுக்கு வந்தது.

ஓணானை நான் உவமையாக்கிய காலமும் உண்டு. நீ நான்காம் வகுப்போ ஐந்தாம் வகுப்போ படித்தாய். எதிரணிக்குத் தாவிய ஒருவரை நான் மேல மாசி வீதிக் கூட்டத்தில் ஓணான் என்று சாடியிருந்தேன். காலைக்கொரு நிறம், மாலைக்கொரு நிறம் என்று அடுக்கியபோது எழுந்த கையொலி வீடு வரை காதில் இருந்தது. உண்ணும்போது உன் அம்மாவிடம் அதைத் திரும்பவும் சொல்லிக்காட்டினேன். நீ தோசையைப் பிய்த்தபடியே சொன்னாய்: “அப்பா, அது கட்சி மாறுறதுக்காக நெறம் மாத்தல. அதுக்குக் குளுருது.” உன் அம்மா சிரித்த சிரிப்பில் புரையேறிவிட்டது. தலையில் தட்டிக்கொண்டே, “அடுத்த கூட்டத்துக்கு இவனயும் கூட்டிட்டுப் போங்க, கூட இருந்து திருத்துவான்” என்றாள். நான் அந்த வரியை விடவில்லை. கையொலி எழும் வரியை எந்தப் பேச்சாளனும் விடமாட்டான். ஆனால் அதன்பின் அதைச் சொல்லும்போதெல்லாம் கூட்டத்தில் எங்கோ ஒரு சிறுவன் தோசையைப் பிய்த்துக்கொண்டிருப்பதுபோல் ஓர் எண்ணம் வரும்.

அந்தக் கற்குவியல் எப்படி வந்தது என்று உனக்குத் தெரிந்திருக்காது. வீடு கட்டியபோது அடித்தளத்துக்கு இறக்கிய கருங்கல்லில் மீந்தவை. அள்ளிக்கொண்டு போக ஆளையும் வண்டியையும் நான் ஏற்பாடு செய்திருந்தேன். உன் அம்மா வேண்டாம் என்றாள். “புள்ள படுத்துக் கெடந்து பாக்குறான். இருந்துட்டுப் போகுது. கல்லு என்ன சோறா கேக்குது?” என்றாள். நீ உன் வேலைக்குப் போனபின்னும் அகற்ற விடவில்லை. ஞாயிற்றுக்கிழமைகளில் நான் ஊரூராகப் போய்விட்ட பிறகு அவள் அந்தப் பக்கம் உட்கார்ந்துதான் விடைத்தாள் திருத்துவாள் என்று ஜெயராணி சொல்லித்தான் இப்போது அறிகிறேன். நான் முக்காலி போடுகிற இடம் அவள் உட்கார்ந்த இடமாம். மோட்டார் அறைச் சுவரில் உட்கார்ந்தவர் தலை சாயும் உயரத்தில், தலையெண்ணெய்க் கறை ஒன்று இருக்கிறது. அதை அறிந்தபோதும் எனக்கு ஒன்றும் ஆகவில்லை. கறையைப் பார்த்தேன். பிறகு ஓணானைப் பார்த்தேன். ஆனால் மறுநாள் முக்காலியைச் சற்றுத் தள்ளிப் போட்டேன். கறைமேல் என் தலை படாத அளவுக்கு.

இனி, பந்தல்காரர் வந்த நாள். திருமணத்தை மண்டபத்தில் வேண்டாம், வீட்டுக் கொல்லையிலேயே வைத்துக்கொள்வோம் என்று நீயும் உன் மணமகள் மெர்சியும் முடிவு செய்திருந்தீர்கள். அதன்படி அளவெடுக்க நம் செல்லப்பாண்டியும் ஆட்கள் இருவரும் வந்தார்கள். நான் உள்ளே இருந்தேன். சாளரம் வழியாக அவர்கள் பேச்சு கேட்டது.

“இந்தக் குமிய அள்ளி ரோட்டோரம் போட்டுட்டா பந்தல் இன்னும் ரெண்டு தட்டி அகலமா வரும்ண்ணே.”

“ஐயாட்ட கேக்கணுமாடா?”

“ஐயா எங்கண்ணே பேசுறாரு? எதக் கேட்டாலும் தலையத் தலைய ஆட்டுறாரு. எடுங்க நீங்க.”

உண்மைதான். அந்த மாதம் முழுவதும் எதைக் கேட்டாலும் தலையை ஆட்டினேன். எத்தனை நாற்காலி, தலையாட்டல். சாம்பாரா வத்தக்குழம்பா, தலையாட்டல். மெர்சியின் தந்தை, தம் மகளுக்காக உணவுக்கு முன்னே சிறு மன்றாட்டு ஒன்று சொல்லிக்கொள்ளலாமா என்று தயங்கித் தயங்கிக் கேட்டபோதும் தலையாட்டல். முன்பு நான் எப்படி மறுத்திருப்பேன் என்று அவர் அறிவார். ஆகவே என் இசைவு அவருக்கு மகிழ்ச்சி தரவில்லை, கலக்கத்தையே தந்தது. இந்தக் கல்லைப் பற்றிக் கேட்டிருந்தாலும் ஒருவேளை தலையை ஆட்டியிருப்பேன். அவர்கள் கேட்கவில்லை. கல்லோடு கல் உரசும் ஓசை கேட்டது.

எப்படி வெளியே வந்தேன் என்று தெரியவில்லை. “கல்லைக் கீழே வை!” என்றேன்.

மகனே, அது என் மேடைக் குரல். ஒலிவாங்கி இல்லாமல் தெருமுனை வரை போகிற குரல். அந்த ஆள் கல்லைக் கையில் ஏந்தியபடியே நின்றுவிட்டான். செல்லப்பாண்டியின் கையிலிருந்து அளவு நாடா சுருண்டு உள்ளே போய்விட்டது. தெருநாய் எழுந்து ஓடியது. அதோடு நான் நிறுத்தவில்லை. எடுத்த கல் ஒவ்வொன்றையும் எடுத்த இடத்தில், வெயில் பட்டு வெளுத்த முகம் மேலே வருமாறு வைக்கச் சொன்னேன். “எது மேல் முகம்னு எப்படிய்யா தெரியும்?” என்றான். “பாசி பிடிச்சது கீழ. ஓணான் எச்சம் இருக்கிறது மேல” என்றேன். அவர்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள், ஆனாலும் வைத்தார்கள். பந்தல் இரண்டு தட்டி குறையும், குறையட்டும் என்றேன்.

ஜெயராணி வாசலுக்கு ஓடிவந்து நின்றார். “இம்புட்டு நாளா இந்தக் கொரல எங்கண்ணே வச்சிருந்தீக?” என்றார். அவர் கண்ணைத் துடைத்துக்கொண்டார். நான் துடைத்துக்கொள்ளவில்லை; துடைக்க ஒன்றும் வரவில்லை.

என் குரலுக்கு முதலில் ஓடியது அந்த ஓணான்தான். அன்று முழுவதும் வெளியே வரவில்லை. மறுநாளும் வரவில்லை. வெயில் வந்து உச்சிக் கல்லில் கிடந்து வீணாய்ப் போயிற்று. இடுக்கு மாறிப்போயிருக்குமோ, நசுங்கியிருக்குமோ என்று தோன்றியது. குனிந்து பார்க்கலாம், கல்லைத் தூக்கிப் பார்க்கலாம். நீ சொன்னது நினைவுக்கு வந்தது, தூக்கவில்லை. அன்று மாலை மெர்சி அழைத்தாள். “மாமா, இன்னைக்கு உங்க ஆளு வந்தாரா?” என்றாள். இல்லை என்றேன். “வருவாரு மாமா. நீங்க போட்ட போடுல நானா இருந்தாலும் ரெண்டு நாளைக்கு வெளிய வரமாட்டேன்” என்றாள். செல்லப்பாண்டி அவர்கள் வீட்டுக்கும் போய்ச் சொல்லியிருக்கிறார். நான் சிரித்தேனா என்று தெரியவில்லை. மூச்சு ஒன்று வெளியே வந்தது. அவள் அதைச் சிரிப்பு என்று எடுத்துக்கொண்டாள். நல்ல பெண். அவளுக்கு நேர்முன்னே போய் நின்று எதையும் கேட்காதே மகனே. பக்கத்தில் உட்கார். காலையில் எழுந்ததும் முகம் கருத்திருந்தால் உன்மேல் வெறுப்பு என்று முடிவு கட்டாதே; சற்றுப் பொறு. நான் உனக்குச் சொல்ல விரும்பும் அறிவுரை இவ்வளவே, அதுவும் நீ எனக்குச் சொல்லித் தந்ததே.

மூன்றாம் நாள் அது வந்தது. உச்சிக் கல்லுக்கு வரவில்லை. ஒரு கல் கீழே, இன்னும் வெயில் எட்டாத இடத்தில் வந்து இருந்தது. நீர்த்தொட்டிக்கு மேலே கதிர் ஏறி, வெளிச்சம் ஒரு கல் இறங்கி வரும் வரை அசையாமல் இருந்தது. நானும் இருந்தேன்.

ஆகவே விடை இது. என் பெயரை அச்சிடு. உறுதிமொழியை நான் சொல்லச் சொல்ல நீங்கள் சொல்லுங்கள். அதற்கு முன்னும் பின்னும் நான் பேசமாட்டேன். இலை போட்டபின் எவரும் பசியோடு காத்திருக்க வேண்டியதில்லை. மெர்சியின் தந்தையிடம் நானே பேசிவிட்டேன். தலையை ஆட்டாமல், வாய் திறந்து, “சொல்லுங்கள், நான் பக்கத்தில் நிற்கிறேன்” என்றேன். துயர் எனக்கு இன்னும் வரவில்லை. திருமணத்தன்று வந்தாலும் வரலாம், வராமலும் போகலாம். அதற்காக நீ என்னைப் பார்த்துக்கொண்டே நிற்காதே.

ஒன்று மட்டும் கேட்கிறேன். வாழ்நாள் முழுவதும் நல்ல நேரம் பார்ப்பவர்களை நையாண்டி செய்தவன், இன்று உன்னிடம் ஒரு நேரம் கேட்கிறேன். அழைப்பிதழில் ‘காலை’ என்று மட்டும் போடாதே. கிழக்கு வீட்டு நீர்த்தொட்டிக்கு மேலே கதிர் ஏறிக் கற்குவியலில் வெளிச்சம் விழுகிற வேளை எது என்று நான் பார்த்து வைத்திருக்கிறேன். தொலைபேசியில் சொல்கிறேன், அதைப் போடு. அந்தப் பக்கம் மட்டும் கூரைத் துணி இல்லாமல் திறந்து விடச் செல்லப்பாண்டியிடம் சொல்லியாயிற்று. வெயில் உங்கள்மேல் விழும். தை வெயில், சுடாது. நான் பழுப்புச் சட்டை போட்டு வருவேன், துண்டு இராது. மோட்டார் அறைச் சுவரோரம், அந்தக் கறைக்குப் பக்கத்தில் நின்று சொல்வேன். அங்கே நின்றால் என் நிழல் உங்கள் இருவர்மேலும் விழாது. பலநாள் பார்த்துவிட்டேன்.

அப்பா